திஸ்ர நடையில் ஒரு ஜீன்

ஈ.சி.இ. படிக்கும் மாணவ மாணவியருக்கு,

ஊரில் டி.எஸ்.பி. என்றால் ஜீப்பில் வந்து இறங்கும் போலீஸ் அதிகாரி. உங்கள் வகுப்பில் அது டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் என்னும் பேப்பர். இரண்டையும் கண்டு மிரளுகிறவர்கள் உண்டு. இசட் டிரான்ஸ்ஃபார்ம், எட்டுப் புள்ளி எஃப்.எஃப்.டி.க்குப் பட்டர்ஃப்ளை படம், ஃபில்டர் டிசைன் என்று உருப்போட்டு எழுதியதெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே பாதி காணாமல் போய்விடும். “இதெல்லாம் எங்கே சார் பயன்படும்?” என்று கடைசி பெஞ்ச் கேட்டால், செல்போன், ஈ.சி.ஜி., ராடார் என்று மூன்று பெயரைச் சொல்லிவிட்டு ஆசிரியர் போர்டுப் பக்கம் திரும்பிவிடுவார். அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போகும் ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். அது மனிதனின் டி.என்.ஏ.

ஒரு மனிதனின் ஒரு செட் குரோமோசோம்களை நீட்டி எழுதினால் ஏறத்தாழ 310 கோடி எழுத்து வரும். எழுத்துகள் நான்கே: ஏ, சி, ஜி, டி. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, பத்தி பிரிப்பதும் கிடையாது. புள்ளியே வைக்காமல் எழுதிய ஓலைச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது போன்ற நிலைமை. இதில் புரதம் செய்வதற்கான குறிப்பு நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. எக்ஸான் எனப்படும் துண்டுகளாக, நடுவில் இன்ட்ரான் எனப்படும் நீண்ட இடைச்செருகல்களோடு சிதறிக் கிடக்கிறது.

கச்சேரிக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். பாட்டின் மொழி புரியாதவர்கூட நடை மாறியதைக் கண்டுபிடித்துவிடுவார். தகதிமி, தகதிமி என்று நான்கு நான்காகப் போய்க்கொண்டிருந்த மிருதங்கம் திடீரென்று தகிட, தகிட என்று மூன்றுக்குத் தாவினால் தொடையில் தாளம் போடும் கை ஒரு கணம் தடுமாறும். சாகித்தியம் புரிய வேண்டியதே இல்லை. டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் பகுதிகளும் அப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. அவை திஸ்ர நடையில் ஓடுகின்றன.

செல் அந்த எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு கோடான். மொத்தம் 64 கோடான். அதில் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பவை, மீதி 3 ‘நிறுத்து’ என்பவை. ஆனால் மூன்றாகப் படிப்பதால் மட்டும் தாளம் வந்துவிடாது. 64 கோடானும் சம அளவில் கலந்து வந்தால் ஸ்பெக்ட்ரம் தட்டையாகத்தான் இருக்கும். உண்மையில் எந்த உயிரினமும் எல்லாக் கோடானையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. சில அமினோ அமிலங்கள் அதிகம் தேவைப்படுகின்றன. ஒரே அமினோ அமிலத்துக்கு நான்கு கோடான் இருந்தாலும் ஒன்றிரண்டுக்குத்தான் செல்லம். அதனால் கோடானின் முதல் இடத்தில் ஜி சற்றுக் கூடுதலாக வருகிறது. மூன்றாம் இடத்தில் வேறொரு சாய்வு. தனியாகப் பார்த்தால் கண்ணில் படாத இந்தச் சாய்வு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது, ஃபூரியே ஸ்பெக்ட்ரத்தில் மூன்றில் ஒன்று என்னும் அதிர்வெண்ணில் ஊசிபோல ஒரு முகடாக எழுந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் பலரும் முதலில் சறுக்குகிறார்கள். எஃப்.எஃப்.டி. எண்ணைத்தான் விழுங்கும், எழுத்தை விழுங்காது. சரி என்று ஏவுக்கு 1, சிக்கு 2, ஜிக்கு 3, டிக்கு 4 போட்டுத் தள்ளிவிடுவது எளிது, தவறும்கூட. டி என்பது நான்கு ஏக்களுக்குச் சமமா என்ன? பஸ் ரூட் நம்பர்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது போன்ற வேலை இது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் வாஸ் 1992இல் கையாண்ட வழி நேர்மையானது. ஒரு வரிசையை நான்கு வரிசைகளாகப் பிரித்துவிட வேண்டும். ஏ இருக்கும் இடத்திலெல்லாம் 1, இல்லாத இடத்தில் 0 என்று ஒன்று. சிக்கு ஒன்று, ஜிக்கு ஒன்று, டிக்கு ஒன்று. நான்குக்கும் தனித்தனியே ஸ்பெக்ட்ரம் எடுத்துக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். யாரும் யாருக்கும் பெரியவரில்லை.

எலக்ட்ரான் ஆற்றலைச் சார்ந்த மதிப்புகளை வைத்து ஏவுக்கு 0.1260, ஜிக்கு 0.0806, சிக்கு 0.1340, டிக்கு 0.1335 என்று கொடுக்கும் முறையும் உண்டு. இந்தியாவில் பல புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் இதைப் பார்க்கலாம். நான்கு வரிசைக்குப் பதில் ஒன்றே போதும் என்பது இதன் வசதி. ஆனால் சியையும் டியையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.0005. இரண்டு வேறு எழுத்துகளை ஏறத்தாழ ஒன்றாக்கிவிட்டு, பௌதிகத்தின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்துவதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதை உங்கள் கைடிடம் கேளுங்கள்.

இந்த மூன்றின் தாளம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டிரிஃபோனோவும் சஸ்மனும் 1980இலேயே இதைக் கவனித்தார்கள். கூடவே சுமார் பத்தரை எழுத்துக்கு ஒருமுறை வரும் இன்னொரு மெல்லிய தாளத்தையும் கண்டார்கள். டி.என்.ஏ. முறுக்கு ஒருமுறை சுற்றி வர ஆகும் நீளமும் ஏறத்தாழ அதே பத்தரை எழுத்துதான். ஹிஸ்டோன் புரதத்தைச் சுற்றி இழை வளைய வேண்டிய இடங்களில் அந்த நடை கேட்கிறது. 1982இல் லாஸ் அலமாஸில் ஜேம்ஸ் ஃபிக்கெட் மூன்றின் தாளத்தை ஜீன் தேடும் கருவியாகவே ஆக்கினார். 1997இல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலையில் இருந்த ராம் ராமஸ்வாமி உள்ளிட்ட குழு, வரிசையின் மீது ஒரு ஜன்னலை நகர்த்திக்கொண்டே போய், மூன்றில் ஒன்றின் முகடு சுற்றியுள்ள இரைச்சலைவிட எத்தனை மடங்கு உயர்ந்திருக்கிறது என்று அளந்தது. அதன் சிறப்பு, முன்பே தெரிந்த ஜீன்களைக் காட்டிப் பழக்க வேண்டிய அவசியம் இல்லாதது. சிக்னல்-டு-நாய்ஸ் ரேஷியோ என்று நீங்கள் இரண்டு மார்க் கேள்வியில் எழுதுவீர்களே, அதேதான்.

பிறகு உங்கள் துறைக்காரர்களே நேரடியாக உள்ளே வந்தார்கள். எம்.பெக்-2 வீடியோச் சுருக்கத்தில் உழைத்த கொலம்பியா பல்கலையின் டிமிட்ரிஸ் அனஸ்டாசியு, 2001இல் ‘ஜீனோமிக் சிக்னல் பிராசசிங்’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். மல்ட்டிரேட் சிஸ்டம்ஸ் புத்தகத்தின் அட்டையில் பெயர் பார்த்திருப்பீர்களே, பி.பி. வைத்யநாதன்; கல்கத்தாப் பல்கலையில் படித்து, கால்டெக்கில் பேராசிரியரானவர். அவரும் மாணவர் பியுங்-ஜுன் யூனும் 2002இல் ஆன்டி-நாட்ச் ஃபில்டரை டி.என்.ஏ. மீது ஓடவிட்டார்கள். ஈ.சி.ஜி.யில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை மட்டும் வெட்டி எறிய நாட்ச் ஃபில்டர் போடுவீர்கள். இது அதற்கு நேர் எதிர். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டி எறிவது. ஜன்னல் தோறும் எஃப்.எஃப்.டி. போடும் செலவு மிச்சம்.

இதுவரை கேட்டதில் உற்சாகம் வந்திருந்தால், கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. இத்துறையில் கட்டுரைக்குக் கட்டுரை ஒரே படம் வரும். எட்டாயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, அதில் ஐந்து எக்ஸான், ஐந்து முகடு. சி. எலிகன்ஸ் என்னும் மில்லிமீட்டர் நீளப் புழுவின் எஃப்56எஃப்11.4 என்ற ஜீன் அது. பலரும் வைக்கும் ஜன்னலின் அகலம் 351 எழுத்து. முதல் எக்ஸானின் நீளமோ 112. குட்டி எக்ஸான் பெரிய ஜன்னலுக்குள் கரைந்துபோவதால் அந்த முதல் முகடு மட்டும் எப்போதும் சோனியாக நிற்கும். அதை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு ‘புதிய முறை’ என்று பெயர் வைத்த கட்டுரைகள் கணக்கிலடங்காதவை. பாவம் அந்தப் புழு.

மனிதனிடம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2001இல் வெளியான மனித ஜீனோம் வரைவின்படி உள் எக்ஸான்களின் சராசரி நீளம் 145 எழுத்து. இன்ட்ரான்களின் சராசரி 3,300க்கும் மேல். டைட்டின் என்னும் தசைப் புரத ஜீனில் 17,106 எழுத்து நீள எக்ஸான் ஒன்று இருக்கிறதுதான். அதைக் குருடனும் கண்டுபிடிப்பான். மற்றவையெல்லாம் ஒரு வரி தகிட, அடுத்து மூன்று பக்கம் வெறும் சலசலப்பு. ஜன்னலைச் சிறிதாக்கினால் முகடு இரைச்சலில் மூழ்கும். பெரிதாக்கினால் எக்ஸான் கரையும். ஆகவே மனித ஜீன்களைத் தேடும் போட்டியில் ஃபூரியே தனியாக ஜெயிக்கவில்லை. ஜெயித்தது, 1997இல் ஸ்டான்ஃபோர்டின் பர்ஜும் கார்லினும் வெளியிட்ட ஜென்ஸ்கேன். (டெல்லிக் குழுவின் மென்பொருளுக்கும் அதே ஆண்டில் ஏறத்தாழ அதே பெயர். நூலகத்தில் குழம்பிப்போனவர்கள் உண்டு.) அதன் அடிப்படை மறைநிலை மார்க்கோவ் மாதிரி. அந்த மாதிரியைப் பழக்கியெடுத்ததோ பேச்சை எழுத்தாக மாற்றும் வேலையில் ஈடுபட்ட சிக்னல் பொறியாளர்கள். ஒரு வாசலில் தோற்ற உங்கள் துறை அடுத்த வாசல் வழியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

தாளத்துக்கு முழு மதிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அது ஜீன் தேடுவதில் அல்ல, எண்ணுவதில்.

நான்காம் குரோமோசோமில் ஹன்டிங்டின் என்று ஒரு ஜீன். அதன் தொடக்கத்தில் சிஏஜி என்ற மூன்றெழுத்து தட்டுத் தடங்கலின்றித் திரும்பத் திரும்ப வரும். எல்லோரிடமும் வரும், எத்தனை முறை என்பதுதான் கேள்வி. 26 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 36 முதல் 39 வரை இருந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40ஐத் தொட்டுவிட்டால் ஹன்டிங்டன் நோய் வந்தே தீரும்: கைகால்கள் தம் விருப்பத்துக்கு ஆடும், நினைவும் குணமும் சிதையும், பெரும்பாலும் நடுவயதில் தொடங்கும். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்நோய் உள்ள பெருங்குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் ரத்தம் சேகரித்தார் நான்சி வெக்ஸ்லர். அவருடைய தாய்க்கும் இதே நோய். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 1993இல் ஜீன் அகப்பட்டது.

ஒரு வரிசைக்குள் இத்தகைய அடுக்கு இருக்கிறதா, எத்தனை எழுத்துக்கு ஒருமுறை, எங்கிருந்து எங்குவரை என்று தேட ஃபூரியே கொஞ்சம் அசௌகரியமான கருவி. ஏழெழுத்துக்கு ஒருமுறை வரும் தாளம் ஏழில் ஒன்றில் மட்டும் நிற்காது. ஏழில் இரண்டு, ஏழில் மூன்று என்று ஹார்மானிக்ஸாகச் சிதறும். வரிசையின் நீளம் ஏழால் வகுபடாவிட்டால் பக்கத்திலும் கசியும். இந்தச் சிதறலை ஒரே கூடையில் அள்ளும் வழியை ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் 1918இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார். ராமானுஜன் அப்போது உடல் நலிந்திருந்தார், டி.என்.ஏ.வின் வடிவம் தெரியவர இன்னும் 35 ஆண்டு இருந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தது எண் கோட்பாட்டை மட்டுமே.

ராமானுஜன் கூட்டல் என்று அழைக்கப்படும் அதன் அழகு, சைன், கொசைன் எல்லாவற்றையும் கூட்டியும் விடை முழு எண்ணாக வருவது. இரண்டுக்கான வரிசை 1, −1. மூன்றுக்கானது 2, −1, −1. நான்குக்கானது 2, 0, −2, 0. ஒரு தாளை எடுத்துச் சிஏஜிசிஏஜிசிஏஜிசிஏஜி என்று பன்னிரண்டு எழுத்து எழுதுங்கள். சி வரும் இடங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0: அதாவது 1, 0, 0, 1, 0, 0, 1, 0, 0, 1, 0, 0. அதன் கீழே மூன்றின் வரிசையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பெருக்கிக் கூட்டினால் 2, 2, 2, 2, ஆக 8. இரண்டின் வரிசையை எழுதினால் 1, −1, 1, −1, விடை பூஜ்யம். நான்கின் வரிசை 2, 0, −2, 0, அதுவும் பூஜ்யம். ஆறின் வரிசை 2, 1, −1, −2, −1, 1. போட்டுப் பாருங்கள், மறுபடியும் பூஜ்யம். கால்குலேட்டர் வேண்டாம், விரல் போதும். தனக்குரிய தாளத்துக்கு மட்டும் தலையாட்டி, மற்றதற்கு அசையாமல் இருக்கும் ரசிகர் போல ஒவ்வொரு வரிசையும் நடந்துகொள்கிறது.

2014இல் வைத்யநாதன் இந்தக் கூட்டலைச் சிக்னல் பிராசசிங்குக்குள் கொண்டுவந்து இரண்டு பெரிய கட்டுரைகள் எழுதினார். அவரும் மாணவர் ஸ்ரீகாந்த் தென்னேட்டியும் இதிலிருந்து ராமானுஜன் ஃபில்டர் பேங்க் ஒன்றை உருவாக்கி, 2016இல் டி.என்.ஏ.வின் தொடர் அடுக்குகளைத் தேட அதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். வரிசையில் நகர்ந்துகொண்டே போனால், எந்த இடத்தில் எத்தனை எழுத்துத் தாளம் தொடங்கி எங்கே ஓய்கிறது என்பது கோலம்போல வரைபடமாக விழும். குரோமோசோமின் நுனியில் டிடிஏஜிஜிஜி என்று ஆறெழுத்து அடுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. நடுவே சென்ட்ரோமியரில் 171 எழுத்து அடுக்கு.

எண்ணிக்கை மட்டுமல்ல, தாளம் எங்கே தடுக்குகிறது என்பதும் முக்கியம் என்று 2019இல் தெரிந்தது. ஹன்டிங்டின் ஜீனில் சிஏஜி அடுக்கு முடிகிற இடத்தில் வழக்கமாக ஒரு சிஏஏ வரும், பிறகு ஒரு சிஏஜி. சிஏஏ, சிஏஜி இரண்டும் குறிப்பது ஒரே குளூட்டமின்தான். புரதத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் சிலரிடம் அந்த சிஏஏ இருப்பதில்லை; ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி வந்து, அடுக்கு இடறாமல் ஓடுகிறது. குளூட்டமின்களின் எண்ணிக்கை சமமாக இருந்தும் அவர்களுக்கு நோய் முன்கூட்டியே வருகிறது. புரதத்தின் நீளத்தைவிட டி.என்.ஏ.வில் ஓடும் இடறாத தாளத்தின் நீளமே நோய் வரும் வயதைத் தீர்மானிக்கிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின. உயிரியல் அகராதியில் பொருள் மாறாத ஓர் எழுத்து, தாளத்தில் பொருள் மாற்றிவிடுகிறது. இதைப் பார்க்கக் கற்ற கண் யாருடையது? சிக்னல் படித்தவருடையது.

மருத்துவமனையில் யாரும் இதற்காக எஃப்.எஃப்.டி. போடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பி.சி.ஆர். செய்து துண்டின் நீளத்தை அளக்கிறார்கள். ஆய்வாளர்கள் அடுக்கு தேடப் பெரும்பாலும் கேரி பென்சன் 1999இல் எழுதிய மென்பொருளை நாடுகிறார்கள். அதன் வழி புள்ளியியல். ராமானுஜன் வழி இன்னும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘528 ஹெர்ட்ஸ் இசை டி.என்.ஏ.வைச் சரிசெய்யும்’ என்று யூடியூபில் மணிக்கணக்கான வீடியோக்கள் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருப்பார்கள். இந்த மடலில் வரும் அதிர்வெண்ணுக்கு ஹெர்ட்ஸ் கிடையாது. நொடியே இல்லாத இடத்தில் நொடிக்கு எத்தனை என்று எப்படிக் கேட்பது? மூன்றில் ஒன்று என்றால் மூன்று எழுத்துக்கு ஒருமுறை, அவ்வளவுதான். டி.என்.ஏ. பாடவும் இல்லை, பாட்டும் கேட்கவில்லை. ‘ஃப்ரீக்வென்சி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாராவது சிகிச்சை விற்க வந்தால், அலகு என்ன என்று கேட்க உங்களைவிடத் தகுந்தவர் இல்லை.

அசல் நொடியும் அசல் கரண்டும் வேண்டுமென்றால் டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் நானோபோர் கருவியைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவிலேயே கிடைக்கிறது. ஒரு சவ்வில் நுண்ணிய புரதத் துளை. அதன் வழியே டி.என்.ஏ. இழை நொடிக்குச் சுமார் 400 எழுத்து வேகத்தில் நழுவுகிறது. துளை வழியே பாயும் அயனி மின்னோட்டம் பிக்கோஆம்பியர் கணக்கில் ஏறி இறங்குகிறது; நொடிக்கு 5,000 சாம்பிள். துளைக்குள் ஒரே சமயத்தில் பல எழுத்துகள் நிற்பதால் ஒவ்வொரு சாம்பிளும் அண்டை எழுத்துகளின் கலவை. கம்யூனிகேஷன் தியரியில் இன்டர்-சிம்பல் இன்டர்ஃபியரன்ஸ் என்று படித்தது இதுவேதான். இழை சீரான வேகத்திலும் போவதில்லை. ஏஏஏஏஏஏஏஏ என்று ஒரே எழுத்து வரிசையாக வந்தால் கரண்ட் அசையாமல் நிற்கும். அங்கே இருந்தது எட்டா ஒன்பதா என்று இயந்திரமே தடுமாறும். இக்கருவி உட்பட நீளமான இழைகளைப் படிக்கும் கருவிகளின் துணையோடுதான் 2022இல் டி2டி என்னும் ஆய்வுக் குழு மனித ஜீனோமின் விடுபட்ட இடங்களை நிரப்பியது. புதிதாகச் சேர்ந்தது ஏறத்தாழ 20 கோடி எழுத்து. அதில் பெரும்பங்கு அடுக்குகள்.

இறுதியாண்டு புராஜெக்ட் நேரம் வரும்போது, கடைத்தெருவில் ரெடிமேடாகக் கிடைக்கும் ‘ஸ்மார்ட் டஸ்ட்பின்’னை வாங்கிப் பெயர் ஒட்டுவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். போர்டு வேண்டாம், சென்சார் வேண்டாம், சால்டரிங் வேண்டாம். மனித ஜீனோம் முழுவதும் என்.சி.பி.ஐ. தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. லேப்டாப்பும் பைத்தானும் இருந்தால் போதும். வகுப்புத் தோழி யாராவது பயோடெக் படித்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகடு வந்ததைப் பார்த்துக் குதிப்பீர்களே ஒழிய, வந்த இடம் என்னவென்று தெரியாது. அந்தப் புழுவை விட்டுவிடுங்கள். எந்த முகட்டைக் கண்டாலும், அதே எழுத்துகளைக் குலுக்கிப்போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் முகடு அசையாமல் நின்றால் தவறு உங்கள் புரோகிராமில்.

முதல் வேலையாக ஹன்டிங்டின் ஜீனின் முதல் எக்ஸானை இறக்கிக்கொள்ளுங்கள். 2, −1, −1 என்ற வரிசையை அதன் மீது நகர்த்துங்கள். தாளம் எங்கே தொடங்குகிறது, அந்த சிஏஏவில் எங்கே இடறுகிறது என்று வரைந்து பாருங்கள். பிறகு சிஏஜிக்களை விரல்விட்டும் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் உங்கள் கைடிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாடப்புத்தகத்தை இன்னும் தூக்கிப் போடாத ஒருவர்